68,000-ன்னு சொன்ன பாத்ரூம் 1,36,440-ல வந்து நின்ன கதை

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் யாராவது பழைய பாத்ரூமை இடிச்சுப் புதுசா பண்ணப் போறீங்கன்னா, அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. ஆளோட பேரை எழுதப் போறதில்ல. அவர் வாயில அடிக்கடி வந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுதுறேன், நாளைக்கு உங்க வீட்டுக்கு வர்றவர் சொன்னா உஷாராகிடலாம். "அது தனிங்ணா."

எங்க வீடு பென்னாகரம் ரோட்டுப் பக்கம், மாடி இல்லாத பழைய வீடு. துபாய்ல இருந்து திரும்பி வந்த ஒருத்தர்கிட்ட அப்பா வாங்கினது. அவர் ஆசை ஆசையா பாத்ரூமுக்குள்ள ஒரு வெள்ளை டப் போட்டு வச்சிருந்தார். எங்க வீட்ல ஒருத்தரும் அதுல படுத்துக் குளிச்சது கிடையாது. ஒகேனக்கல் தண்ணி விடுற அன்னிக்கு அம்மா அதை ரொப்பி வச்சுக்குவாங்க, அவ்வளவுதான் அதோட பயன். எங்க போர் தண்ணி உப்பு, அதுல தலைக்கு ஊத்தினா முடி கயிறு மாதிரி திரிஞ்சுடும். (இந்த ரெண்டு மாவட்டத்து நிலத்தடி நீர்ல ஃப்ளோரைடு அதிகம்னுதான் 2013-ல அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்துச்சு. அது வேற கதை.)

அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆன பிறகு அந்த டப் விளிம்பைத் தாண்டிக் கால் வைக்க முடியல. ஒரு நாள் வழுக்கி, டப்பைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்துட்டாங்க. சரி, டப்பை எடுத்துட்டு சமதரையா ஷவர் போட்டு, சுவத்துல ஒரு கைப்பிடி வச்சிடலாம்னு முடிவு பண்ணினோம். நான் ஓசூர்ல வேலை பாக்குறேன், சனி ஞாயிறுதான் வீடு. பொறுப்பா ஒருத்தர்கிட்ட மொத்தமா விட்டுடலாம்னு நினைச்சதுதான் முதல் கோளாறு.

டைல்ஸ் கடையில சொல்லி அனுப்பின ஆள். நல்லாப் பேசுவார். அம்மாவை "அம்மா அம்மா"ன்னுதான் கூப்பிடுவார், காபி குடிச்ச டம்ளரைத் தானே கழுவி வைப்பார். வந்தவர் டேப் எடுத்து அளக்கல. செல்போன் லைட்டைப் போட்டு நாலு மூலையும் பாத்தார், டப்பை விரல்ல தட்டினார், வெளிய வந்து "மொத்தமா 68-ல முடிச்சுடலாம்ணா"ன்னார். எழுதிக் கொடுங்கன்னு கேட்டேன். வாட்ஸ்அப்ல ஒரே வரி வந்துச்சு: "பாத்ரூம் வேலை ஃபுல் 68000". அந்த "ஃபுல்"லைப் பாத்து நானும் திருப்தியாகிட்டேன். இப்ப நினைச்சா எனக்கே சிரிப்பு வருது.

முதல் நாளே ஆரம்பிச்சுடுச்சு. டப்பைக் கழட்டறது, பழைய டைல்ஸ் உடைக்கறது, இடிச்ச மண்ணை டிராக்டர்ல ரெண்டு நடை அடிக்கறது, 6,500. "ஃபுல்னு சொன்னீங்களேப்பா?" "ஃபுல்னா புதுசா போடற வேலைங்ணா. இடிக்கறது தனிங்ணா." டப்பை என்ன பண்ணீங்கன்னு கேட்டேன். குப்பையில போட்டுட்டோம்னார். ஒரு மாசம் கழிச்சு ஒரு கல்யாணத்துக்குப் பாப்பாரப்பட்டி போற வழியில ஒரு தோட்டத்து ஓரம் அதே டப், விளிம்புல அதே பழுப்புக் கறையோட, ரெண்டு மாடு தண்ணி குடிச்சுக்கிட்டு நிக்குது. இறங்கிக் கேட்டேன். தோட்டக்காரர் வெள்ளந்தியா சொன்னார், 2,500-க்கு வாங்கினாராம். ஆக, என் பொருளை எடுக்க என்கிட்டயே கூலி வாங்கி, அதை வெளிய வித்துக் காசும் பாத்திருக்கார். மாட்டுக்காவது பயன்பட்டுச்சேன்னு அம்மாவுக்குச் சந்தோஷம்.

அடுத்தது பைப். இதுல மட்டும் நான் அவரை முழுசா குறை சொல்ல மாட்டேன். சுவரை உடைச்சப்ப உள்ள இருந்த பழைய ஜிஐ இரும்புப் பைப்பை எனக்கே காட்டினார், உப்புப் படிஞ்சு பென்சில் நுழையற அளவுக்குத்தான் ஓட்டை மிச்சம். மாத்தித்தான் ஆகணும். சுவத்துக்குள்ள புதைஞ்சு கிடக்கறது முன்னாடியே யாருக்கும் தெரியாது, ஒத்துக்கறேன். ஆனா பைப் மாத்த வேண்டி வந்தா அடிக்கு எவ்வளவுன்னு முன்னாடியே சொல்லலாம் இல்லையா? சுவர் திறந்து கிடக்கு, அம்மா பக்கத்து வீட்டுக்குக் குளிக்கப் போயிட்டு இருக்காங்க, அந்த நேரத்துல 14,000-ன்னா நான் என்ன பேரம் பேச முடியும்? எல்லாத்தையும் பெயர்த்துப் போட்ட பிறகு பேரம் பேசற தெம்பு வீட்டுக்காரனுக்கு இருக்காது. அது அவங்களுக்கு நல்லாவே தெரியும்.

வாட்டர் ப்ரூஃபிங் 9,000. இதுவும் தனி. பாத்ரூம்ல தண்ணி இறங்காம பண்றது எப்படித் தனி வேலையாகும்னு எனக்கு இன்னும் புரியல. ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஏதோ சாம்பல் கலர்ல தரைக்குப் பூசினாங்க, சனிக்கிழமை காலைல நான் பஸ் இறங்கி வர்றதுக்குள்ள தரைக்கு டைல்ஸ் ஒட்டியாச்சு. பூசினது நல்லாக் காய்ஞ்ச பிறகு, தண்ணி போற ஓட்டையை அடைச்சு, ரெண்டு இஞ்ச் தண்ணி தேக்கி, ஒரு முழு நாளாவது விட்டுப் பாக்கணும். மட்டம் இறங்குதா, பக்கத்து சுவத்துல ஈரம் தெரியுதான்னு பாத்த பிறகுதான் டைல்ஸ். இதை எனக்குச் சொன்னது பின்னாடி வந்த வேற மேஸ்திரி. அதுக்குள்ள எங்க பெட்ரூம் சுவத்துல முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பிக்கிட்டு இருந்துச்சு. விரல் வச்சா வெள்ளையா உப்பு உதிருது.

இப்ப டைல்ஸ் கணக்குக்கு வர்றேன். இதைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க.

எங்க பாத்ரூம் 8-க்கு 5 அடி. நாலு சுவரும் சேத்தா சுத்தளவு 26 அடி. நான் மனசுல வச்சிருந்தது 7 அடி உயரம், இப்ப எல்லார் வீட்லயும் அப்படித்தானே. அவர் 68,000 கணக்குல வச்சிருந்தது 4 அடியாம்! எங்கயும் எழுதல, வாயாலயும் சொல்லல. "4 அடிதாங்ணா ஸ்டாண்டர்டு. மேல போடணும்னா அது தனி." ஷவர்ல குளிச்சா தண்ணி நாலடிக்கு மேலதானேப்பா தெறிக்கும்? சரி போடுங்கன்னுட்டேன். கூடுதலா 16 பாக்ஸ் டைல்ஸ், அதை ஒட்டக் கூலி, மொத்தம் 12,240-ன்னு பில்.

அம்மா எதையும் தூக்கிப் போட மாட்டாங்க. டைல்ஸ் வந்த காலி அட்டைப்பெட்டியெல்லாம் மடிச்சுக் கட்டி, பழைய பேப்பர்க்காரருக்குப் போட கொல்லைப்பக்கம் அடுக்கி வச்சிருந்தாங்க. ஞாயித்துக்கிழமை சும்மா எண்ணிப் பாத்தேன். சுவத்து டைல்ஸ் பெட்டி 22. அவர் கணக்குப்படி முதல்ல 12, அப்புறம் 16, ஆக 28 இருக்கணும். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு டைல்ஸ் 12-க்கு 18 இஞ்ச், அதாவது ஒன்றரை சதுர அடி. பாக்ஸுக்கு 6, ஆக 9 சதுர அடி. 26 அடியை 7-ஆல பெருக்கினா 182. வாசக்கால் போக ஏறக்குறைய 165. வெட்டறதுல உடையறதுக்குப் பத்துக்கு ஒண்ணு சேத்தா 182 சதுர அடி. 21 பாக்ஸ் போதும். வந்தது 22, பில் 28. மீதி 6 பாக்ஸ் எங்க வீட்டு வாசப்படியே ஏறல. கேட்டதுக்கு "ஒடஞ்சு போச்சுங்ணா, பெட்டியோட திருப்பி அனுப்பிட்டோம்"னார். உடைஞ்ச டைல்ஸைக் கடையில திருப்பி எடுத்துக்கிட்டா பில்லுல கழிக்கணுமேன்னேன். போன் கட்.

ஷவர் விஷயம் தனிக் கூத்து. அம்மாவுக்கு ஒரு சாதாரணக் கைஷவர் போதும்னு சொல்லியிருந்தேன். "ஹோட்டல் மாதிரி இருக்கும்ணா"ன்னு ஒரு அடி அகலத்துல ரெயின் ஷவர் மாட்டிட்டார். திறந்து பாத்தா நடுவுல மட்டும் ஏழெட்டு ஓட்டையில சொட்டு சொட்டா விழுது. தோட்டத்துக்குச் சொட்டுநீர்ப் பாசனம் போட்டா கவர்மெண்ட்ல மானியமாவது தருவாங்க. விஷயம் ரொம்பச் சின்னது. தண்ணி 10 மீட்டர் உயரத்துல நின்னாத்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும். எங்க மொட்டைமாடி டேங்குக்கும் ஷவருக்கும் நடுவுல அஞ்சாறு அடிதான் வித்தியாசம். 0.2 பார் கூட வராது. எவ்வளவு அழுத்தம் வேணும்னு அந்த ஷவர் வந்த அட்டையிலயே அச்சடிச்சிருக்கு. இத்தனை வருஷம் இதே தொழில் பண்றவருக்கு மாடி இல்லாத வீட்ல இது ஓடாதுன்னு தெரியாமலா இருக்கும்? "பிரஷர் பம்ப் வச்சா சரியாயிடும்ணா." 9,700. தனி.

கண்ணாடித் தடுப்பு இன்னும் மோசம். டஃபன்டு கண்ணாடியை ஒருதடவை பதப்படுத்தின பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது, நொறுங்கிடும். அதனால டைல்ஸ் ஒட்டி முடிச்சு, அதுக்கப்புறம்தான் அளவெடுத்து ஆர்டர் பண்ணணும். இவர் அவசரத்துல வெறும் சுவத்துக்கே அளவெடுத்துட்டார். கலவையும் டைல்ஸும் சேந்து ரெண்டு பக்கமும் முக்கால் முக்கால் இஞ்ச் உள்ள வந்ததும் கண்ணாடி நுழையல. "உங்க சுவர் கோணல்ணா"ன்னு பழியை எங்க அப்பா வாங்கின வீட்டு மேலயே போட்டு, ரெண்டாவது கண்ணாடிக்கு 11,500 வாங்கினார்.

கீசர் லைனுக்கு 5,500 தனியா வாங்கிட்டு, லைட்டுக்குப் போன பழைய ஒயர்லயே இழுத்து விட்டிருந்தார். அப்புறம் வந்த எலக்ட்ரீஷியன் பாத்துட்டு எங்களைத்தான் திட்டினார். கீசருக்குத் தனி லைன், 16 ஆம்பியர் சாக்கெட், முறையான எர்த் இல்லாம யாரும் சுவிட்சைத் தொடாதீங்கன்னு சொல்லிட்டுப் போனார். இதுல பணத்தை விட பயம்தான் அதிகம்.

எல்லாம் முடிஞ்சு அம்மா முதல் நாள் குளிச்சாங்க. தண்ணி, வெளிய போற ஓட்டை (ஜாலி) பக்கம் போகாம வாசப்படி பக்கம் வருது. ஷவர் தரைக்கு அடிக்குக் கால் இஞ்ச் வாட்டம், அதாவது சரிவு, வேணுமாம், எங்க 8 அடிக்கு ரெண்டு இஞ்ச். ரசமட்டம் வச்சுப் பாத்தா அரை இஞ்ச் கூட இல்ல. முட்டி ஆபரேஷன் ஆனவங்க வழுக்காம இருக்கணும்னு ஆரம்பிச்ச வேலை. இப்ப குளிச்சு முடிச்சதும் துடைப்பம் எடுத்துத் தண்ணி தள்ளிட்டுத்தான் வெளிய வர்றாங்க. கைப்பிடியை இன்னும் மாட்டவே இல்ல. கேட்டா அதுவும் தனியாத்தான் இருக்கும்.

68,000-க்கு மேல "தனி" மட்டும் 68,440. ஒண்ணுக்கு ரெண்டா வாங்கினதோட நிறுத்தாம மேல ஒரு 440. நான் இதுவரைக்கும் கொடுத்தது 1,20,000. அதுல 80,000 ஜிபே. மீதி 40,000 "மெட்டீரியலுக்குக் கேஷா குடுங்ணா"ன்னு கையில வாங்கினது, அதுக்கு ஒரு துண்டுச் சீட்டு கூட இல்ல.

இனி ஒருத்தர் வந்தா நான் விலையைக் கேக்க மாட்டேன். "இந்த விலையில எதெல்லாம் சேராது?"ன்னுதான் முதல்ல கேப்பேன். இடிக்கறது, மண் அள்றது, பழைய பொருள் யாருக்கு, டைல்ஸ் எத்தனை அடி உயரம், எத்தனை பாக்ஸ், வாட்டர் ப்ரூஃபிங், தண்ணி தேக்கிப் பாக்கறது, கரண்ட் வேலை, எல்லாம் பேப்பர்ல வரணும். உள்ள என்ன இருக்குன்னு தெரியாத பைப் மாதிரி வேலைக்கு மொத்த விலை வேண்டாம், அடிக்கு இவ்வளவுன்னு ரேட் எழுதி வாங்கிக்கணும். அப்படியும் கைவசம் அஞ்சுல ஒரு பங்கு பணம் தனியா வச்சுக்கணும், பழைய வீடுன்னா சுவருக்குள்ள ஏதாவது ஒண்ணு இருக்கத்தான் செய்யும். டைல்ஸையும் குழாய் சாமானையும் நீங்களே கடைக்குப் போய் ஜிஎஸ்டி பில்லோட வாங்கிக்கிட்டு கூலிக்கு மட்டும் ஆள் விட்டா இன்னும் நல்லது. அலைச்சல்தான், ஆனா பாக்ஸ் காணாமப் போகாது. கடைசித் தவணையை வாட்டம் பாத்து, தண்ணி ஊத்திப் பாத்த பிறகு கொடுங்க.

இப்ப நான் என்ன பண்றேன்னா, சுவத்து ஓதம், தரையில நிக்கற தண்ணி, அட்டைப்பெட்டி எல்லாத்தையும் தேதியோட போட்டோ எடுத்து, அவர் அனுப்பின வாய்ஸ் மெசேஜ்களையும் சேத்து வச்சிருக்கேன். 1915-ங்கற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன். முதல்ல எழுத்துப்பூர்வமா நோட்டீஸ் அனுப்பச் சொன்னாங்க, ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பியாச்சு. பதில் வரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போறதா இருக்கேன். 2019 சட்டப்படி நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே மனு போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்ல. பிரச்சினை நடந்து 2 வருஷத்துக்குள்ள போடணும், அதை மட்டும் மறந்துடாதீங்க.

நோட்டீஸ் அவர் கைக்குப் போயிடுச்சுன்னு நேத்துத்தான் தெரிஞ்சுது. இன்னிக்குக் காலைல ஏழு மணிக்கு மெசேஜ்: "அண்ணா பேலன்ஸ் 16,440 எப்ப அனுப்பறீங்க". அந்த ஆறு பாக்ஸ் டைல்ஸ் எந்த வீட்டுச் சுவத்துல இருக்குன்னு சொல்லுங்க, அனுப்பறேன்னு போட்டேன். ரெண்டு நீல டிக் விழுந்துச்சு. மத்தியானம் வரைக்கும் பதில் இல்ல.