ஹேபிட்டிகா: அன்றாட வேலைக்கும் ஒரு அச்சீவ்மென்ட்

ஒரு கேமில் கதை முடிந்த பிறகும் விட்டுப்போன அச்சீவ்மென்டுக்காக, அதாவது ஒரு சவாலை முடித்ததற்குக் கேம் தரும் பட்டத்துக்காக, ஒரே கட்டத்தைப் பத்துத் தடவை திரும்ப ஆடுகிற ஆள் நான். அவ்வளவு பொறுமை இருந்தும், பல் மருத்துவருக்கு ஒரு போன் போடுவதை இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். அந்தப் பொறுமையில் கொஞ்சத்தை இந்தப் பக்கம் திருப்ப முடியுமா என்று பார்க்கத்தான் ஹேபிட்டிகா ஆப்பைப் போட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

2013இல் ஹேபிட்ஆர்பிஜி என்ற பெயரில் வந்த ஆப் இது. நம் வேலைப் பட்டியலையே ரோல் பிளேயிங் கேமாக, நாமே ஒரு பாத்திரமாகி லெவல் ஏறும் ஆட்டமாக, மாற்றிவிடுகிறது. ஒரு வேலையை முடித்து டிக் அடித்தால் அனுபவப் புள்ளியும் தங்கமும் கிடைக்கும், சில சமயம் ஒரு முட்டையும் விழும். தினமும் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால் உயிர்ப்புள்ளி குறையும். மொத்தமே 50தான். அது பூஜ்யமானால் ஒரு லெவல் இறங்கும், சேர்த்த தங்கம் முழுக்கப் போகும், ஏதோ ஒரு ஆயுதமோ கவசமோ கூடப் போகும். தள்ளிப்போடும் வேலை நாளாக ஆகச் சிவப்பாகிக்கொண்டே வரும், சிவப்பு ஏற ஏறப் பரிசும் ஏறும். என் பல் மருத்துவர் போன் கருஞ்சிவப்பில் நின்றது. ஒருநாள் காலை அதை முடித்ததும் ஒரு லெவலே ஏறியது. மூன்று நிமிஷப் பேச்சுதான், ஆனால் அந்த இரண்டு மாதப் பாரத்தை வேறு யாரும் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள்.

எனக்கு இதில் பிடித்ததே அதுதான். பாத்திரம் கழுவினால் நாளைக்கும் பாத்திரம் இருக்கும், செய்ததற்கு எந்தத் தடயமும் இருக்காது. கேம்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டன. 1980களின் தொடக்கத்தில் அட்டாரி 2600 என்ற கேம் கருவியில் பிட்ஃபால் என்ற கேமை ஆடி 20,000 பாயிண்ட் எடுத்தவர்கள், டிவி திரையைப் படம் பிடித்துத் தபாலில் அனுப்பினால் ஆக்டிவிஷன் நிறுவனம் ஒரு துணி பேட்ஜ் அனுப்பியது. வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்து செய்ததற்கு, சட்டையில் தைத்துக்கொள்ள ஒரு சாட்சி. 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 கொண்டுவந்த கேமர்ஸ்கோர் என்ற அச்சீவ்மென்ட் மதிப்பெண்ணும், 2008இல் பிளேஸ்டேஷன் 3க்கு வந்த ட்ரோஃபி என்ற கோப்பைகளும் செய்தது அதையேதான், தபால் செலவு இல்லாமல்.

ஆனால் எல்லா அச்சீவ்மென்டும் ஒன்றில்லை. முதல் கட்டத்தைத் தாண்டியதற்குத் தருவதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? 2007இல் வந்த ஹாஃப்-லைஃப் 2: எபிசோட் டூவில் ஒரு தோட்டத்துப் பொம்மை கிடைக்கும், அதைக் கடைசிவரை தூக்கிக்கொண்டே போய் ராக்கெட்டில் வைக்க வேண்டும். துப்பாக்கி எடுக்க வேண்டுமானால் பொம்மையைக் கீழே போட வேண்டும், சண்டை முடிந்ததும் மறக்காமல் திரும்பி வந்து எடுக்க வேண்டும், காரில் வைத்தால் மேடுபள்ளத்தில் தெறித்து விழும். அந்தக் கேமில் எனக்கு இன்றும் நினைவில் நிற்பது அந்தப் பொம்மைதான்.

ஹேபிட்டிகாவில் அதற்கு ஈடானது 21 நாள் தொடர்ச்சிக்கான அச்சீவ்மென்ட். ஒரு வேலையை 21 நாளும் கீழே போடாமல் தூக்கி வர வேண்டும். எனக்குப் பதினேழாவது நாள்தான் கடினமாக இருந்தது, ஆரம்ப உற்சாகம் போயிருந்தது, முடிவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு என்னை எழுப்பியது பார்ட்டி, அதாவது ஆப்பில் சேர்ந்து ஆடும் என் குழு. நாலு பேர் சேர்ந்து ஒரு பாஸோடு, அதாவது கேமின் பெரிய எதிரியோடு, மோதிக்கொண்டிருந்தோம், நான் என் வேலையை விட்டால் பாஸ் அடிப்பது எல்லோரையும். படுத்துவிட்டவன் எழுந்து போய் முடித்துவிட்டு வந்தேன். தனியாக ஆடுவதற்கும் பார்ட்டியோடு ஆடுவதற்கும் அவ்வளவு வித்தியாசம், சேர்பவர்கள் முதலிலேயே ஒரு பார்ட்டியைப் பிடித்துவிடுங்கள். ஒரே ஆர்வமுள்ளவர்கள் கூடிப் பேசும் கில்டுகளை 2023 ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள், எனக்கு அது நஷ்டமாகத்தான் படுகிறது.

முட்டையிலிருந்து பொரியும் 90 பிராணிகளைச் சேர்த்தால் கிடைக்கும் பீஸ்ட் மாஸ்டர் அச்சீவ்மென்டும் இருக்கிறது. அழகான பிக்சல் குட்டிகள். அதற்காகவே ஒரு வேலையை நாலாக உடைத்து எழுத ஆரம்பித்தேன், டிக் அதிகமானால் முட்டை விழும் வாய்ப்பும் அதிகம் என்பதால். நாம் உண்மையில் செய்தோமா என்று ஆப்புக்குத் தெரியாது. அது நமக்கும் நமக்கும் உள்ள கணக்கு.

அதைவிடப் பெரிய தப்பு, வாசிப்பைப் பட்டியலில் சேர்த்தது. சிறுவயதிலிருந்து யாரும் சொல்லாமல் செய்துவந்தது அது. சேர்த்த மாதத்திலேயே மெலிந்த புத்தகங்களாகத் தேட ஆரம்பித்துவிட்டேன், பக்கத்தைப் புரட்டும்போதே எப்போது டிக் அடிப்போம் என்ற நினைப்பு. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. படம் வரைய ஆசையுள்ள குழந்தைகளிடம், வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு பார்த்தால் அந்தக் குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் குறைந்திருந்தது. சொல்லாமல் கொடுத்த பரிசுக்கு அந்த விளைவு இல்லை. அதைப் படித்த அன்றே வாசிப்பை நீக்கிவிட்டேன், இரண்டு வாரத்தில் பழைய தடித்த நாவல் ஒன்றுக்குள் போய்விட்டேன்.

பணம் கட்டாமலே முக்கியமான எல்லாமே கிடைக்கிறது, சந்தா அவசியமில்லை. முதல் வாரம் தினசரி வேலையாக மூன்றுக்கு மேல் போடாதீர்கள், மூன்றும் உங்களுக்குப் பிடிக்காதவையாக இருக்கட்டும். அப்புறம் உடம்பு சரியில்லாத நாளில் உயிர்ப்புள்ளி குறையாமல் நிறுத்திவைக்கும் வசதி உண்டு, அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.