ஊசி குத்திப் பழக எந்தப் பொய்ச்சதை?

அல்ட்ராசவுண்டு திரையைப் பார்த்துக்கொண்டே ஊசி செலுத்தப் பழகும் மருத்துவ மாணவருக்கு ஒரு பொய்ச்சதை வேண்டும். ஜெலட்டினா, சிலிக்கோனா, தண்ணீரில் கரையும் பிளாஸ்டிக் வகையான பாலிவினைல் ஆல்கஹாலா?

மலிவு என்று பார்த்தால் ஜெலட்டின்தான். ஊறவைத்து, சூடாக்கிக் கரைத்து, ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் தயார். ஊசி நுழையும்போது கைக்கும் ஏறக்குறைய சதை மாதிரியே இருக்கும். ஆனால் நம் ஊர் மே மாத மதியத்தில் மேசைமேல் மறந்துவிட்டால் பாயசம்தான். சில நாளில் பூஞ்சை வேறு. குத்திய தடங்களும் திரையில் தெரியும். அடுத்து வருபவருக்கு விடைத்தாளைக் காட்டிக்கொடுத்த மாதிரி.

சிலிக்கோன் காயாது, கெடாது, ஆண்டுக்கணக்கில் உழைக்கும். சிக்கல் ஒலியில் இருக்கிறது. மென்திசுவில் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் ஓடும் என்று வைத்துத்தான் கருவி ஆழத்தைக் கணக்கிடுகிறது. சிலிக்கோனில் ஒலியின் வேகம் சுமார் 1000 மீட்டர்தான். அதனால் 2 செ.மீ. ஆழத்தில் ரத்தக்குழாய்க்குப் பதிலாகப் பதித்த குழாய் திரையில் 3 செ.மீ. ஆழத்தில் நிற்கும். பழகும் கைக்கு இதைவிடத் தப்பான பாடம் இருக்க முடியாது.

என் ஓட்டு பாலிவினைல் ஆல்கஹாலுக்கு. சுமார் 10 சதவீதக் கரைசலைக் காய்ச்சி, அச்சில் ஊற்றி, மைனஸ் 20 டிகிரியில் உறையவைத்து, மெல்ல உருகவிட வேண்டும். அப்போது உண்டாகும் நுண்படிகங்கள் மூலக்கூறு இழைகளை முடிச்சுப் போட்டுவிடும். உறைதலும் உருகலும் திரும்பத் திரும்ப நடக்க நடக்க விறைப்பு கூடும். ஒரே கரைசலில் மெத்தென்றும் எடுக்கலாம், கெட்டியாகவும் எடுக்கலாம். பெரும்பகுதி தண்ணீர் என்பதால் ஒலி வேகமும் திசுவை ஒட்டி வரும். என்ன, பொறுமை வேண்டும். தடித்த கட்டியாக வார்த்தால் ஓரமும் நடுவும் ஒரே சீராக உறையாது. கலக்கும்போது புகுந்த காற்றுக்குமிழி திரையில் வெள்ளைப் புள்ளியாக மின்னும். தண்ணீரில் போட்டு வைக்காவிட்டால் சுருங்கிக் காய்ந்துவிடும்.

தோலைத் தைத்துப் பழக என்றால் கதை வேறு. புறங்கைத் தோலைக் கிள்ளி இழுத்துப் பாருங்கள்: முதலில் எளிதாக வரும், பிறகு சட்டென்று இறுகும். தோலில் நெளிந்து கிடக்கும் கொலாஜன் என்ற புரத நார்கள் நிமிர்ந்து விறைப்பதால் வருவது அது. மூன்றில் எதற்கும் தானாக அந்தக் குணம் அவ்வளவாக வராது. பாட்டில் கழுவும் பிரஷ் போன்ற மூலக்கூறுகளைக் கொண்டு அதை வரவழைத்த ஆய்வு 2018இல் வெளியானது. தையல் பழகும் அட்டை செய்பவர்கள் இன்னும் எளிய வழியில் போகிறார்கள்: சிலிக்கோனுக்குள் ஒரு வலைத்துணி. அது இல்லாவிட்டால், முடிச்சை இறுக்கும்போது நூல் அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.