மைஎஸ்கியூஎல்டம்ப்: வேலூர் லாட்ஜ் பில்லிங்குக்குப் போதுமா?

காந்தி ரோடு லாட்ஜ்களுக்கு ராத்திரியே கிடையாது. காட்பாடியில் ரயில் இறங்கி 2 மணிக்கும் ரூம் கேட்டு வருவார்கள். பில் போடுவதை நிறுத்தாமல் பேக்கப் எடுக்க, மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸை ஃபைலாக நகலெடுக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப் கட்டளை தாராளமாகப் போதும், காசும் இல்லை. '--சிங்கிள்-டிரான்சாக்‌ஷன்' ஆப்ஷன் கட்டாயம், டேபிள்களைப் பூட்டாமல் நகலெடுக்க. ஆனால் அது இன்னோடிபி வகை டேபிள்களுக்கு மட்டும்தான் செல்லும். பழைய சாஃப்ட்வேரில் மைஐசாம் என்ற வேறு வகை டேபிள் ஒளிந்திருக்கும், முதலில் பாருங்கள்.

டேட்டா மாறும்போது ஓடும் டிரிகர் டம்ப்பில் தானாக வரும், டேட்டாபேஸுக்குள் சேமித்த நிரலான ஸ்டோர்டு புரொசீஜர் வராது. '--ரொட்டீன்ஸ்' சேர்க்க வேண்டும். ஏன் இப்படி வைத்தார்களோ!

குறித்த நேரத்தில் தானாக ஓட கிரானில் (லினக்ஸின் நேர அட்டவணைக் கருவி) போடும்போதுதான் கூத்து. ஃபைல் பெயரில் தேதி வர எழுதும் சதவீதக் குறியை கிரான் வரி முடிவாக எடுத்துக்கொள்ளும். முன்னால் பேக்ஸ்லாஷ் போடுங்கள், இல்லையென்றால் கட்டளையைத் தனி ஸ்கிரிப்ட்டில் வையுங்கள். அதைவிட மோசம், சுருக்குவதற்காக டம்ப்பை நேராக ஜிஜிப்புக்கு பைப் செய்வது: டம்ப் பாதியில் செத்தாலும் ஜிஜிப் 0 (வெற்றி என்ற குறி) திருப்பித் தரும், எல்லாம் சரி என்றே தெரியும். பாஷ் ஸ்கிரிப்ட்டின் தலையில் 'செட் -ஓ பைப்ஃபெயில்' எழுதுங்கள், பைப்பில் எது செத்தாலும் பிழை என்று தெரியும். சுருக்கிய ஃபைலை விரித்து, கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' இருக்கிறதா என்றும் டெயில் போட்டுப் பாருங்கள்.

பாஸ்வேர்ட் '.மை.சிஎன்எஃப்' ஃபைலில், பெர்மிஷன் 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத).

டேட்டா பல ஜிபி தாண்டினால் வேறு கருவி பாருங்கள். திரும்ப ஏற்றும்போது இண்டெக்ஸ் முழுவதையும் புதிதாகக் கட்டும், கவுண்டரில் ஆள் நிற்க அவ்வளவு நேரம் தாங்காது.