திரைப்பட, ஊடகச் சொல்லட்டைகள்: ஒரு பருவம் பயன்படுத்திய பின்

உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குத் திரைப்பட, ஊடகக் கலைச்சொற்களைக் கற்பிப்பதற்கென்றே தயாரிக்கப்பட்ட ஒரு சொல்லட்டைத் தொகுப்பை ஒரு பருவம் முழுவதும் வகுப்பில் பயன்படுத்திப் பார்த்தேன். கெட்டியான பெட்டிக்குள் 96 அட்டைகள் உள்ளன. ஒரு பக்கத்தில் படமும் சொல்லும், மறுபக்கத்தில் விளக்கமும் ஒரு சிறு செயல்பாடும் அச்சிடப்பட்டுள்ளன. தாளின் தரத்தில் குறையில்லை. அத்தனை கைகள் மாறிய பிறகும் ஓரங்கள் நையவில்லை.

தொகுப்பின் உயிர் அதன் இணை அட்டைகளில்தான் இருக்கிறது. ஜூம், ட்ராலி ஆகிய இரண்டையும் எடுத்துக்கொள்வோம். ஜூமில் கேமரா நின்ற இடத்திலேயே நிற்க, லென்ஸின் குவியத்தூரம் மட்டும் மாறுகிறது. ட்ராலியில் கேமராவே நகர்கிறது. இதை மனப்பாடம் செய்த மாணவர் தேர்வில் பிழையின்றி எழுதிவிடுவார், ஆனால் திரையில் ஓடும்போது எது எதுவென்று கேட்டால் விழிப்பார். அட்டை தரும் செயல்பாடு இந்த இடைவெளியை அடைக்கிறது. மேசைமேல் ஒரு தண்ணீர் பாட்டிலையும், அதற்குச் சில அடி பின்னால் ஒரு நாற்காலியையும் வைத்து, முதலில் தொலைவில் நின்று ஜூம் செய்தும், பிறகு ஜூமைத் தொடாமல் பாட்டிலை நோக்கி நடந்து சென்றும், பாட்டில் ஒரே அளவில் தெரியும்படி இரண்டு படங்கள் எடுக்கச் சொல்கிறது. முதல் படத்தில் நாற்காலி பாட்டிலை ஒட்டிக்கொண்டு பெரிதாகத் தெரியும். இரண்டாவதில் தொலைவில் சிறுத்துக் கிடக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த எவரும் அதற்குப் பிறகு அந்தச் சொற்களைக் குழப்பிக்கொள்ளவில்லை. கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும் பேன், மேலும் கீழும் சாய்க்கும் டில்ட் இரண்டும் தலையைத் திருப்பியும் நிமிர்த்தியும் காட்டினாலே விளங்கிவிடுபவை. அவற்றுக்கு நான்கு அட்டைகளைச் செலவழித்திருப்பது வீண்.

குலஷோவ் விளைவு பற்றிய அட்டை நல்ல எண்ணத்தில் செய்யப்பட்டுத் தன் காலையே இடறிக்கொண்டது. சோவியத் இயக்குநர் லெவ் குலஷோவ், இவான் மொஸ்ஜூகின் என்ற நடிகரின் ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்புடனும், சவப்பெட்டியில் கிடக்கும் குழந்தையுடனும், ஒரு பெண்ணுடனும் மாற்றி மாற்றி ஒட்டியபோது, பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துயரத்தையும் ஆசையையும் கண்டார்கள் என்று சொல்லப்படுகிறது. வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து இதைச் செய்துபார்க்கலாம் என்கிறது அட்டை. ஆனால் மூன்று இணைகளையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டுவிட்டதால், சோதனை தொடங்கும் முன்பே குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. நான் இரண்டு இணைகளைத் தாளால் மறைத்துக்கொண்டு குழுக் குழுவாகக் காட்ட வேண்டியிருந்தது.

பெரிய குறை மொழியாக்கத்தில் இருக்கிறது. க்ளோஸ்-அப் என்பதற்கு ‘அண்மைக் காட்சி’, லாங் ஷாட் என்பதற்கு ‘சேய்மைக் காட்சி’ என்று போட்டிருக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. அதே தொகுப்பில் ‘சீன்’ என்பதற்கும் ‘காட்சி’ என்றே இருக்கிறது. கேமரா ஓடத் தொடங்கி நிற்பதற்குள், அல்லது ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையே உள்ளது ஷாட். ஓரிடத்தில் தொடர்ச்சியாக நடக்கும் நிகழ்வு சீன். ஒரு சீனுக்குள் பல ஷாட்டுகள் வரலாம். மாணவர்கள் முதலில் பிரித்தறிய வேண்டிய இந்த இரண்டையும் ஒரே சொல் விழுங்கிவிட்டது. “இந்தக் காட்சியில் எத்தனை காட்சிகள்?” என்று ஒரு மாணவி கேட்டபோது வகுப்பே சிரித்தது, பிழை அவளுடையதன்று. கலைச்சொல்லாக்கத்தில் எனக்கு மதிப்பு உண்டு, ஆனால் வேறுபாட்டைக் காட்டாத தமிழ்ச்சொல்லைவிட ‘ஷாட்’ என்றே விட்டுவிடுவது மேல். படத்தொகுப்பு, ஒளிப்பதிவு போன்ற சொற்கள் இத்தகைய சிக்கலின்றி நிலைபெற்றுவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும்.

ஃபிரேம் என்ற சொல்லுக்கு ஒரு பொருள் மட்டும், அதாவது நொடிக்கு 24 என்ற கணக்கில் ஓடும் தனித்தனிப் படம் என்பது மட்டும், தரப்பட்டுள்ளது. படத்தின் நான்கு விளிம்புகளும் ஃபிரேம்தான். ஒரு செய்தியை எந்தக் கோணத்தில் முன்வைப்பது, எதை வெளியே தள்ளுவது என்பதையும் ஊடகத் துறையினர் அதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். திரைப்படத்தையும் ஊடகத்தையும் ஒரே பெட்டியில் அடைத்தவர்கள், இரண்டையும் இணைக்கும் மிகச் சிறந்த சொல்லைக் கைநழுவ விட்டிருக்கிறார்கள்.

ஊடகப் பகுதியில் அவசரம் தெரிகிறது. தெரியாமல் பரப்பும் தவறான தகவலையும் ஏமாற்றும் நோக்கத்துடன் பரப்பும் பொய்த்தகவலையும் பிரித்துக்காட்டும் இணை அட்டை மட்டும் நேர்த்தியானது. ஒரே செய்தியை ஒருவர் புனைந்து அனுப்ப, இன்னொருவர் நம்பிப் பகிர்வதாக அதில் எடுத்துக்காட்டு இருக்கிறது. அல்காரிதம் என்பதற்கோ ‘கணினி பின்பற்றும் படிமுறை’ என்ற கணிதப் புத்தக விளக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். தன் கைபேசியில் ஏன் ஒரே வகை வீடியோக்கள் வந்து குவிகின்றன என்று கேட்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அதில் விடையில்லை.

ஆசிரியர் உடனிருந்து நடத்தும் வகுப்புக்கு இதைத் தயக்கமின்றி வாங்கலாம். மாணவர் தானாகப் படிக்க வாங்குவதில் பயனில்லை. ‘காட்சி’ என்று இருந்த இடங்களில் தேவைப்பட்டவற்றை மட்டும் பேனாவால் ‘ஷாட்’ என்று திருத்தி, குலஷோவ் அட்டையை மூன்றாக வெட்டி, என் பெட்டியை அடுத்த பருவத்துக்கு எடுத்துவைத்திருக்கிறேன்.