நல்லபாம்பா, தேரையா, ரயில்பூச்சியா? காரைக்குடியில் விஷ வேதியியலுக்கு எது தோது

விஷத்தில் ப்ராஜெக்ட் செய்ய ஆசைப்படும் எம்.எஸ்சி வேதியியல் பிள்ளைகளைக் கேட்டால், முதலில் நல்லபாம்பு என்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் செந்தேள் என்பார்கள். ஆசை சரிதான், பிராணிதான் சரியில்லை. சிறு மூலக்கூறு வேதியியல் படிக்க வேண்டுமென்றால் எது பயங்கரமானது என்று தேடக் கூடாது. விஷத்தில் இருக்கும் பொருள் எது, அதை அளக்க நம்மிடம் என்ன கருவி இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

நல்லபாம்பு விஷத்தை உலர்த்தினால் மிஞ்சுவதில் பெரும்பகுதி புரதமும், புரதத்தின் குட்டி வடிவமான பெப்டைடும்தான். சிட்ரேட், அடினோசின் மாதிரிச் சிறு மூலக்கூறுகளும் உண்டு. சிட்ரேட் உலோக அயனிகளைப் பிடித்துவைத்து, சில நொதிகள் விஷப்பைக்குள்ளேயே வேலையைத் தொடங்கிவிடாமல் அடக்கிவைக்கிறது. சுவையான சங்கதிதான், ஆனால் அங்கே அது துணை நடிகர். போதாததற்கு 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். செந்தேளுக்கும் ஏறக்குறைய இதே கதை. அதன் முக்கிய நச்சுகள் பெப்டைடுகள். மெக்சிகோவின் டிப்ளோசென்ட்ரஸ் மெலிசி என்ற தேளின் விஷத்தில் காற்றுப் பட்டதும் ஒன்று சிவப்பாகவும் ஒன்று நீலமாகவும் மாறும் இரண்டு பென்சோகுவினோன்களை 2019இல் போசானி, ஜாரே குழுவினர் கண்டுபிடித்தார்கள். சிவப்பானது ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவைக் கொன்றது, நீலமானது காசநோய்க் கிருமியைக் கொன்றது. அதைப் படித்துவிட்டு, பூட்டிக் கிடக்கும் நகரத்தார் வீடுகளில் கல்லைப் புரட்டக் கிளம்ப வேண்டாம். அது வேறு தேள்.

அடுத்தது தொண்டிக் கடலில் வலையில் ஏறும் பேத்தை மீன். அதன் நச்சான டெட்ரோடோடாக்சின் என்ற பெயருக்கே ஒரு கவர்ச்சி உண்டு. 1909இல் ஜப்பானியரான தஹாரா பெயர் வைத்தார். அமெரிக்க வேதியியலர் வுட்வர்டும் ஜப்பானியக் குழுக்களும் 1964இல் அமைப்பை அவிழ்த்தார்கள். மீன் இதைத் தானாகச் செய்துகொள்வதில்லை, பாக்டீரியா வழியாக இரையோடு வந்து சேர்கிறது என்பதுதான் இன்றைய கருத்து. நச்சில்லாத இரை போட்டு வளர்த்த பேத்தையில் நச்சு இருப்பதில்லை. அறிவியலாக அருமை, நம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பேன். ஓரிரு மில்லிகிராமே ஆளைக் கொல்லும், மாற்று மருந்து கிடையாது, கொதிக்க வைத்தாலும் அழியாது. கருவி விஷயத்திலும் இடக்கு பிடித்தது. ஆவியாக்கிப் பிரிக்கும் கருவியான ஜிசியில் அப்படியே ஏற்ற முடியாது. தண்ணீரில் மட்டும் நன்றாகக் கலக்கும் பொருளாதலால் கரைசலாகவே ஓட்டிப் பிரிக்கும் எச்பிஎல்சியின் சாதாரணக் காலமிலும் (பிரிக்கும் குழாய்) தங்காமல் ஓடிவிடும். கரைசலில் பிரித்து மூலக்கூறின் நிறையையும் அளக்கும் எல்சி-எம்எஸ் இல்லாத இடத்தில் இதைத் தொட்டுப் பயனில்லை.

தேரை அப்படியல்ல. மழை பெய்து ஊருணி நிறைந்த ராத்திரியில் கரையெல்லாம் கத்தும் சாதாரணத் தேரைதான். தேங்காய் சொத்தையானால் தேரை மோந்துவிட்டது என்று அதன் மேல் பழி போடுகிறோம். அதன் நச்சோ கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பியிலேயே கிடக்கிறது. அதிலிருந்து வரும் பால்போன்ற திரவத்தில் புஃபாலின் முதலிய புஃபாடைஈனோலைடுகள் என்ற நச்சுகள் இருக்கின்றன. இவை இதயத்துக்குக் கொடுக்கும் டிஜாக்சின் மாத்திரையின் உறவுக்காரர்கள். இரண்டும் அடைப்பது உயிரணுவின் சோடியம்-பொட்டாசியம் பம்பைத்தான். அதனால்தான் தேரை நச்சேறியவர்களுக்கு டிஜாக்சினுக்கான எதிர்ப்புரத மருந்தையே கொடுக்கிறார்கள். சீன வைத்தியத்தின் 'சான்சு' இந்தத் திரவத்தை உலர்த்தியதுதான். புஃபாடைஈனோலைடுகளிலுள்ள பைரோன் வளையம் 300 நானோமீட்டரை ஒட்டிய புறஊதா ஒளியை நன்றாக உறிஞ்சும் என்பது வேதியியல்காரருக்கு வரப்பிரசாதம். அந்த ஒளியை அளக்கும் யூவி டிடெக்டர் உள்ள எச்பிஎல்சி ஒன்றிருந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. தேரையைக் கொல்லவும் வேண்டியதில்லை, சுரப்பி மறுபடி நிறையும். ஆனால் முதுகெலும்புள்ள பிராணி. விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், வனத்துறையிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்குள் நான்காவது செமஸ்டர் முடிந்துவிடும். இது பி.எச்டி சரக்கு.

பூச்சிகளுக்கு இந்தக் குழு நடைமுறை கிடையாது. துவரை, தட்டைப்பயறு பூக்கும்போது வந்து மேயும் கொப்புள வண்டில் காந்தாரிடின் என்ற நச்சு இருக்கிறது. பிரெஞ்சுக்காரரான ரோபிக்கே 1810இலேயே பிரித்தெடுத்தார். 2023இல் அமெரிக்காவில் ஒருவகைத் தோல் மருவுக்கு மருந்தாகவும் அனுமதி கிடைத்தது. ஆவியாக்கிப் பிரித்து நிறையையும் அளக்கும் ஜிசி-எம்எஸ்ஸுக்கு அடக்கமான மூலக்கூறு. தோலில் பட்டால் கொப்புளம். வயிற்றுக்குள் போனால் சில பத்து மில்லிகிராமே உயிருக்கு ஆபத்து. நெருப்பெறும்பின் நச்சான சொலினாப்சின்களும் ஜிசிக்கு ஏற்றவைதான். ஆனால் ஓர் எறும்பில் இருப்பது அற்பம். பொறுமையும் கடியும் வேண்டும்.

என் ஓட்டு ரயில்பூச்சிக்கு. ஐப்பசி மழையில் செம்மண் தரையெங்கும் ஊரும் மரவட்டையைத் தொட்டால் சுருண்டுகொண்டு, பக்கவாட்டுச் சுரப்பிகளிலிருந்து நெடியடிக்கும் மஞ்சள் திரவம் விடும். கையில் பட்டால் பழுப்புக் கறை பிடிக்கும். ரயில்பூச்சிகளில் பல வகைகள் வெளிவிடுவது டொலுகுவினோனும் அதன் மெதாக்சி உறவும். இரண்டும் குவினோன் வகை. சில குடும்பங்கள் ஹைட்ரஜன் சயனைடு விடும், ஆகையால் வகையை விலங்கியல் துறையில் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். வெனிசுவேலாவில் கபுச்சின் குரங்குகள் ரயில்பூச்சியைப் பிடித்து உடம்பில் தேய்த்துக்கொள்கின்றன; கொசு விரட்டத்தான் என்கிறார்கள்.

குவினோன் என்றால் நம்மூருக்குச் சொல்லித்தர வேண்டுமா? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி இருக்கும் ஊர். மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் சைக்ளிக் வோல்டாமெட்ரி இங்கே புதுச் சொல் இல்லை. குவினோன் இரண்டு எலக்ட்ரானும் இரண்டு புரோட்டானும் வாங்கி ஹைட்ரோகுவினோன் ஆகும், திரும்பியும் வரும். பிஎச் ஒன்று கூடினால் வரைபடத்தின் உச்சம் சுமார் 59 மில்லிவோல்ட் எதிர்மின் பக்கம் நகரும். மெதாக்சி தொகுதி எலக்ட்ரான் தள்ளுவதால் அந்த உறவின் உச்சமும் எதிர்மின் பக்கமே விழும். பேத்தைக்கும் வண்டுக்கும் இந்த வசதி கிடையாது. கடையில் கிடைக்கும் டொலுகுவினோனை ஓட்டி ஒப்பிட்டு, ஒரே ஒரு தடவை வெளியில் ஜிசி-எம்எஸ்ஸுக்குப் பணம் கட்டி உறுதி செய்துகொண்டால் போதும்.

பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்களில் ட்ரிஸ் பஃபரில் மட்டும் போடாதீர்கள். அதிலுள்ள அமீன் குவினோனோடு சேர்ந்துகொள்ளும். பாஸ்பேட் போதும், காரப் பக்கம் போக வேண்டாம். திரவம் கண்ணில் தெறித்தால் புண்ணாக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். எடுத்த மாதிரியை அன்றைக்கே ஓட்டிவிட வேண்டும், குவினோன் ஆவியாகிவிடும்.