வன்னியில் ஒரு குடும்பப் பூங்காவுக்கு எந்த ரோலர் கோஸ்டர் பொருந்தும்?

ஏ9 வீதியை ஒட்டி, மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் எங்காவது, குடும்பங்கள் ஒரு முழுப் பகலைக் கழிக்கக்கூடிய பூங்கா ஒன்றை அமைக்க எண்ணுகிறவர்கள், ஊஞ்சலையும் நீர்ச்சறுக்கையும் பற்றிப் பேசி முடித்ததும் ரோலர் கோஸ்டருக்கு வந்துவிடுகிறார்கள். அந்த ஆசை நியாயமானதே. ஆனால் பூங்காவின் மிகப் பெரிய தனி முதலீடும், பிழைத்தால் திருத்தவே முடியாத முதலீடும் அதுதான் என்பதால், விலைப்பட்டியலையும் விளம்பரக் காணொளியையும் பார்த்து அதை முடிவு செய்யக் கூடாது.

நடைமுறையில் நான்கு தெரிவுகள் உள்ளன. முதலாவது, 8 முதல் 14 மீற்றர் உயரத்தில் இருந்து இறங்கி, வளைந்து சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் குடும்பச் சுற்றுக் கோஸ்டர். இரண்டாவது, பெட்டித்தொடரைப் பின்னால் இழுத்து உயர்த்தி விட, அது முன்னோக்கி ஓடி மறுமுனைச் சரிவில் ஏறி, அதே பாதையில் பின்னோக்கி வந்து சேரும் குடும்பப் போய்வரும் கோஸ்டர். மூன்றாவது, நான்கு பேர் அமரும் தனிப் பெட்டிகள் கூர்மையான திருப்பங்களில் சுழன்றபடி செல்லும் வகை. நான்காவது, வெளிநாட்டுப் பூங்கா ஒன்று கழற்றி விற்கும், தலைகீழாகச் சுழலும் பெரிய கோஸ்டர்.

நான்காவதை முதலில் பார்த்து ஒதுக்கி வைப்போம். கவர்ச்சி அதிகமாகவும் பொருத்தம் குறைவாகவும் இருப்பது அதுவே. 1984 முதல் உலகெங்கும் விற்கப்பட்ட பூமராங் வகை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: ஏறத்தாழ 35 மீற்றர் உயரம், மூன்று தலைகீழ்ச் சுழற்சிகள், அவற்றை முன்னோக்கி ஒருமுறையும் பின்னோக்கி ஒருமுறையும் கடக்கும் ஓட்டம். ஹைதராபாத் வொண்டர்லா பூங்காவில் ஓடும் ரீகொயில் அந்த வகையைச் சேர்ந்ததே. பெருநகரம் ஒன்றின் இளைஞர் கூட்டத்தை நம்பி நடக்கும் பூங்காவுக்கு அது சரியான தெரிவு; பாட்டனாரும் பேரப்பிள்ளையும் ஒரே வான் வண்டியில் வந்து இறங்கும் வன்னிக்கு அல்ல. ஏழு வயதுப் பிள்ளை பெரும்பாலும் உயர அளவுகோலிலேயே தடுக்கப்படும். குடும்பத்தில் ஒருவர் ஏற, நால்வர் வேலியோரத்தில் நின்று பார்ப்பர்.

பழைய இயந்திரம் என்பதால் வரும் சிக்கல் இதைவிடப் பெரிது. இருபது ஆண்டு ஓடிய உருக்குத் தண்டவாளத்தில், பற்றவைப்பு மூட்டுகளில் திரும்பத் திரும்ப விழும் சுமையால் உண்டாகும், கண்ணுக்குத் தெரியாத களைப்பு வெடிப்புகள் இருக்கலாம். காந்தத் துகள் சோதனை போன்ற முறைகளால்தான் அவற்றைக் கண்டறிய முடியும். கட்டுப்பாட்டுக் கணினியின் உதிரிப்பாகங்கள் சந்தையில் இருந்து நீங்கியிருக்கும். அத்திவாரக் கணக்கோ வேறொரு மண்ணுக்கும் வேறொரு காற்றுக்கும் போடப்பட்டது. ஐரோப்பிய ஈஎன் 13814 நியமத்தின்படியோ அமெரிக்க ஏஎஸ்ரிஎம் எப் 2291 நியமத்தின்படியோ அதைப் புதிதாகக் கணக்கிட்டுச் சான்று பெறப் புறப்பட்டால், விலையில் மிச்சம் பிடித்த பணம் அதிலேயே கரைந்துவிடும்.

‘சிறிய கோஸ்டரிலேயே ஒரு தலைகீழ்ச் சுழற்சியை வைத்தால் என்ன?’ என்ற கேள்வியும் எழுவதுண்டு. சுழற்சியை முழு வட்டமாக அமைத்தால், உச்சியைக் கடக்கப் போதுமான குறைந்தபட்ச வேகத்தில் நுழைந்தாலும், அடிப்பகுதியில் பயணி தன் எடையைப் போல ஆறு மடங்கு விசையை உணர்வார். 1976இல் ஜெர்மன் கோஸ்டர் வடிவமைப்பாளர்களான வேர்னர் ஸ்டெங்கலும் அன்ரன் ஸ்வார்ஸ்கோப்பும் கலிபோர்னியாவின் மஜிக் மவுண்டன் பூங்காவில் அமைத்த ரெவலூஷன் கோஸ்டர், அடியில் அகன்று உச்சியில் குறுகும் கண்ணீர்த்துளி வடிவத்தால் அந்த விசையைத் தாங்கக்கூடிய அளவுக்குக் குறைத்தது. ஆனால் அந்த வடிவத்துக்கும் உயரம் வேண்டும். உயரம் கூடினால் வேகம் கூடும். வேகம் கூடினால் சிறு பிள்ளைகளுக்கு இடமில்லாமல் போகும். குடும்பக் கோஸ்டரின் இன்பம் வேறு இடத்தில் இருக்கிறது. 12 மீற்றர் இறக்கம், உராய்வைக் கழிக்காமல் பார்த்தால், மணிக்கு 55 கிலோமீற்றர் வேகத்தைத் தரும். அந்த வேகத்தில் நன்றாகச் சரித்துக் கட்டிய சுருள் வளைவும், இருக்கையில் இருந்து உடல் சற்றே இலேசாகும் இரண்டு சிறு மேடுகளும் இருந்தாலே பிள்ளைகள் இறங்கியதும் மீண்டும் வரிசைக்கு ஓடுவார்கள்.

சுழலும் பெட்டி வகைக்கு அதிக இடம் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் பல பெட்டிகள் குறுகிய இடைவெளியில் ஓடுவதால், ஒன்றையொன்று நெருங்காமல் தடுக்கும் பிரேக்குகளும் உணரிகளும் அதிகம். ஒவ்வொரு பெட்டியிலும் சுழலும் தாங்கி ஒன்று தேயும். திருப்பங்களின் இடிப்பு முதியோரின் கழுத்துக்கும் முதுகுக்கும் நல்லதல்ல. இரண்டாவது அல்லது மூன்றாவது கோஸ்டராக அதை வாங்கலாம், முதலாவதாக வேண்டாம்.

ஆகவே உண்மையான போட்டி சுற்றுக் கோஸ்டருக்கும் போய்வரும் கோஸ்டருக்கும் இடையில்தான். போய்வரும் வகையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஜெர்மனியின் பன்டாசியாலாண்ட் பூங்காவில் 2016 முதல் ஓடும் ராய்க் என்ற கோஸ்டர் காட்டுவதுபோல, சுமார் 200 மீற்றர் தண்டவாளத்திலேயே அது நிறைந்த அனுபவத்தைத் தருகிறது. பின்னோக்கி இழுத்து உயர்த்தப்படும்போது கீழே சிறுத்துப் போகும் நிலையத்தைப் பார்த்தபடி விடுவிப்புக்காகக் காத்திருக்கும் அந்தச் சில செக்கன்கள், பதினான்கு வயதுப் பிள்ளையையும் பிடித்து வைக்கும். நீளமான, ஒடுங்கிய காணி உள்ளவருக்கு அது வசதியும்கூட.

அதன் அடிப்படைக் குறை வரிசையில் தெரியும். போகவும் வரவும் ஒரே பாதை என்பதால் ஒரு பெட்டித்தொடருக்கு மேல் ஓட்டவே முடியாது. இருபது இருக்கைகள், ஏற்றி இறக்கி ஓடி முடிக்க மூன்று நிமிடம் என்று வைத்தால், ஒரு மணித்தியாலத்தில் 400 பேர். சுற்றுக் கோஸ்டரில் இரண்டு பெட்டித்தொடர்கள் இருந்தால், ஒன்று நிலையத்தில் ஆட்களை ஏற்றும்போது மற்றது ஓடலாம். தொண்ணூறு செக்கனுக்கு ஒன்று புறப்பட்டால் 800 பேர். பாடசாலைச் சுற்றுலாவில் பத்துப் பேருந்துகளில் 500 மாணவர்கள் வந்து இறங்கும் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். போய்வரும் கோஸ்டரில் எல்லோரும் ஏறி முடிய ஒன்றேகால் மணித்தியாலம். சுற்றுக் கோஸ்டரில் நாற்பது நிமிடத்துக்கும் குறைவு. பங்குனி வெயிலில் நிற்கும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது.

மின்சாரத்தையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும். பயணிகளோடு 4 தொன் எடையுள்ள பெட்டித்தொடரை 12 மீற்றர் உயரத்துக்கு 20 செக்கனில் ஏற்ற, இழப்புகளைச் சேர்க்காமல், ஏறத்தாழ 24 கிலோவாற்று போதும். போய்வரும் வகையில் 20 மீற்றர் உயரத்துக்கு 25 செக்கனில் இழுக்க 31 கிலோவாற்று. இவ்வளவில் பெரிய வேறுபாடில்லை. இரண்டையும் நடுத்தர மின்பிறப்பாக்கி ஒன்றால் ஓட்டலாம். ஆனால் இழுத்து விடுவதற்குப் பதிலாக மின்காந்தத்தால் உந்தி ஏவும் வடிவத்தைச் சில விற்பனையாளர்கள் பரிந்துரைப்பார்கள். அதே எடையை மூன்று செக்கனில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்துக்குக் கொண்டுவரச் சராசரியாகவே 185 கிலோவாற்று வேண்டும். ஏவுதலின் கடைசிக் கணத்தில் அது இரட்டிப்பாகும். மாதத்தின் உச்சத் தேவைக்கும் சேர்த்துக் கட்டணம் செலுத்தும் பெரிய மின்பாவனையாளருக்கு அந்த மூன்று செக்கன் பெருஞ்சுமை. 2022 மார்ச் இறுதியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட நாட்டில், ஏவும் வகையை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

மின்சாரம் நடுவில் நின்றால் என்ன ஆகும் என்பதும் தெரிவைப் பாதிக்கிறது. சுற்றுக் கோஸ்டரின் ஏற்றத்தில் பின்னோக்கி உருளாமல் தடுக்கும் பற்கள் பெட்டித்தொடரைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் உள்ள படிக்கட்டால் பயணிகளை இறக்கலாம். போய்வரும் கோஸ்டரின் செங்குத்தான சரிவில் அவர்கள் முன்னோக்கிச் சாய்ந்தபடி இருப்பார்கள். அவர்களை எவ்வாறு, எத்தனை நிமிடத்தில் கீழே கொண்டுவருவது என்பதை உற்பத்தியாளரிடம் எழுத்தில் பெறாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது.

சுற்றுக் கோஸ்டருக்கும் பலவீனம் உண்டு. சிறிய வகைகள் பலவற்றில் சங்கிலிக்குப் பதிலாகச் சுழலும் ரயர்களே பெட்டிகளை மேலே தள்ளுகின்றன. சத்தம் குறைவு, பராமரிப்பும் எளிது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ரயர் வழுக்கும். வன்னிக்குச் சங்கிலியே மேல். காற்றும் ஒரு பிரச்சினை. மன்னாரில் காற்றாலைகளைச் சுழற்றும் சோளகம் இங்கும் திறந்த வெளியில் வீசும்போது, இலேசான பிள்ளைகள் மட்டும் அமர்ந்த பெட்டித்தொடர் வேகம் குறைந்து பள்ளமொன்றில் நின்றுவிடலாம். பிறகு கிறேன் போன்ற இயந்திரம் கொண்டுதான் அதை எடுக்க வேண்டும். ஆகவே வேகம் குறைந்த பெட்டித்தொடரும் கடக்கக்கூடிய அளவுக்குக் கடைசி மேடு தாழ்ந்திருக்க வேண்டும் என்பதை வடிவமைப்புக் கட்டத்திலேயே கேட்க வேண்டும். வேகத்தைக் குறைக்கும் இடங்களில் நிலைக்காந்த பிரேக்குகளைக் கேட்பது நல்லது. அவற்றுக்கு மின்சாரமும் வேண்டாம், மழை அவற்றைப் பாதிப்பதுமில்லை.

இருக்கையைப் படத்தில் பார்த்து முடிவு செய்யாமல், தொட்டு, அமர்ந்து பார்க்க வேண்டும். தாயும் பிள்ளையும் அருகருகே அமர, இருவருக்கும் பொதுவாக ஒரே தடுப்புக் கம்பி மடியின் மேல் இறங்கினால், அது தாயின் தொடையில் முட்டி நின்றுவிடும். பிள்ளையின் மடிக்கும் கம்பிக்கும் இடையில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி மிஞ்சும். மேட்டில் உடல் இலேசாகும் அந்தக் கணத்தில் அந்த இடைவெளி பேராபத்து. ஆளுக்கொரு தனிக் கம்பி கட்டாயம். வற்றாப்பளை அம்மனையோ மடு மாதாவையோ தரிசித்துவிட்டு வரும் பெண்கள் சேலையோடுதான் ஏறுவார்கள்; முந்தானையும் நீண்ட பின்னலும் சில்லுப் பக்கம் போகாதபடி பெட்டியின் பக்கங்கள் இடுப்புக்கு மேல் மூடியிருக்க வேண்டும். வெளிநாட்டு விற்பனையாளர் இதைத் தானாக எண்ணிப் பார்க்க மாட்டார். நாம்தான் சொல்ல வேண்டும்.

நிலத்தைப் பொறுத்தவரை இரு வகைக்கும் ஒரே எச்சரிக்கை. காங்கேசன்துறைச் சீமெந்துக்குக் களி கொடுத்த முருங்கன் பக்கத்துக் கருமண், மழையில் வீங்கிக் கோடையில் வெடிக்கும். அதன்மேல் துல்லியமான தண்டவாளத்தை நிறுத்துவது மிகச் செலவானது. செம்மண்ணும் மணலும் கலந்த மேட்டு நிலம் நல்லது. போர் நடந்த மண் என்பதால், கண்ணிவெடி அகற்றப்பட்டதற்கான ஆவணம் எந்த ஆழம் வரை செல்லுபடியாகும் என்பதை, அத்திவாரக் குழியின் ஆழத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே இயந்திரத்தைக் காணிக்குள் இறக்க வேண்டும். சுற்றுக் கோஸ்டருக்கு அத்திவாரங்கள் அதிகம், ஒவ்வொன்றும் சிறியது. போய்வரும் வகைக்குக் கோபுரங்களின் அடியில் குறைவான, ஆனால் ஆழமான அத்திவாரங்கள்.

பராமரிப்புக்கான ஆட்கள் கிளிநொச்சியிலேயே உருவாகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த நம்பிக்கை தரும் செய்தி. அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் இலங்கை–ஜெர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. காலையில் பாதை முழுவதும் நடந்து, மரைகளில் இட்ட வண்ணக்கோடு விலகியிருக்கிறதா என்று பார்ப்பதையும், சில்லின் தேய்வை அளந்து பதிவதையும், வெற்றுப் பெட்டிகளை ஓட்டிச் சோதிப்பதையும் அங்கு பயின்றவர்கள் கற்றுக்கொண்டு திறம்படச் செய்வார்கள். ஆண்டுக்கொருமுறை பெட்டித்தொடரை முழுவதும் கழற்றிச் சோதிக்கும்போது, போய்வரும் கோஸ்டர் மூடியே இருக்கும். இரண்டு பெட்டித்தொடர் உள்ள சுற்றுக் கோஸ்டர் மற்றொன்றோடு தொடர்ந்து ஓடும்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கையில் என் தெரிவு, சங்கிலி ஏற்றமும் 12 மீற்றர் அளவு உயரமும் கொண்ட புதிய சுற்றுக் கோஸ்டர். காணி மிக ஒடுங்கியதாக இருந்தால் மட்டும், ஏவாமல் இழுத்துவிடும் போய்வரும் கோஸ்டரை ஏற்கலாம். கைக்காசு போதாவிட்டால் இரண்டாவது பெட்டித்தொடரைச் சில ஆண்டுகள் கழித்து வாங்கலாம். ஆனால் பெட்டித்தொடர்கள் ஒன்றையொன்று நெருங்காமல் தடுக்கும் இடைநிறுத்த பிரேக்குகளும், கட்டுப்பாட்டு மென்பொருளும், ஓடாத பெட்டித்தொடரை நிறுத்தி வைக்கும் ஒதுக்கித் தண்டவாளமும் முதல் கட்டுமானத்திலேயே இருக்க வேண்டும், ஏனெனில் அவற்றைப் பின்னர் சேர்ப்பது பாதையை உடைத்துக் கட்டுவதற்குச் சமம். மூன்றாண்டுக்கான சில்லுகள், தாங்கிகள், உணரிகள் ஆகியவற்றை அதே கொள்வனவில் அதே கொள்கலன்களில் இறக்கிவிட வேண்டும். டொலர் தட்டுப்பாட்டின்போது ஒரு சிறிய உணரிக்காக முழு இயந்திரமும் மாதக்கணக்கில் நிற்க நேரலாம். அத்திவார வேலையை மாசியில் தொடங்கினால், மாரி மழைக்கு முன்னரே கொங்கிரீட் முழுவதும் முடிந்துவிடும்.