கார்பன் டை ஆக்சைடு சென்சார்: டர்பனிலும் ஜோஹன்னஸ்பர்க்கிலும் வைத்துப் பார்த்த அனுபவம்

நோயாளி விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று காட்டும் சென்சாரோடுதான் என் வேலை நாள் பெரும்பாலும் போகிறது. தென்னாப்பிரிக்காவில் முன்பு டர்பனில் ஆபரேஷன் தியேட்டர், இப்போது ஜோஹன்னஸ்பர்க்கில் ஐசியு, இரண்டிலும் கிளினிக்கல் டெக்னாலஜிஸ்ட், அதாவது மருத்துவ மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இரண்டு வகை சென்சாரும் பல வருஷம் கையில் இருந்துவிட்டன. எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஆபத்து வருவது பெரும்பாலும் கம்பெனியால் இல்லை, வைக்கும் விதத்தால்.

ஒரு வகை மெயின்ஸ்ட்ரீம். நோயாளியின் மூச்சுக்குழாயில் போட்ட டியூப்புக்கும் வென்டிலேட்டர் குழாய்க்கும் நடுவில் ஒரு அடாப்டர், அதன் மேல் சென்சார். இன்ஃப்ராரெட் ஒளி குறுக்கே போகிறது, கார்பன் டை ஆக்சைடு அதில் ஒரு பங்கை விழுங்குகிறது, மிச்சத்தை வைத்துக் கணக்கு. பதில் உடனே வரும், மூச்சுக்கு மூச்சு திரையில் வரையும் அலையும் கூர்மையாக இருக்கும். ஆனால் கண்ணாடியில் ஈரம் படியாமல் இருக்க சென்சார் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும். அதனால் அது கன்னத்திலோ கழுத்திலோ மணிக்கணக்காகப் படுத்துக் கிடக்கக் கூடாது. மயக்கத்தில் இருப்பவர் சுடுகிறது என்று சொல்ல மாட்டார். எடையும் கொஞ்சம் உண்டு, டியூப்பைக் கீழே இழுக்கும், கேபிளைத் தாங்க ஒரு கிளிப் கட்டாயம் வேண்டும். என் அனுபவத்தில் முதலில் சாவதும் கேபிள்தான், சென்சாரை ஒட்டிய வளைவில்.

இன்னொன்று சைட்ஸ்ட்ரீம். மெல்லிய குழாய் வழியாக நிமிடத்துக்கு 50 முதல் 200 மில்லி வரை மூச்சை உறிஞ்சி மானிட்டருக்குள் வைத்து அளக்கும். டியூப் போடாதவருக்கும் மூக்கில் மாட்டலாம். இதன் எதிரி தண்ணீர். மூச்சுக் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் ஓடும் நோயாளியிடம் குழாயில் துளி துளியாகச் சேர்ந்து அடைத்துவிடும். அடைத்த குழாயில் சிரிஞ்ச் வைத்து ஊதி எடுப்பதை நிறைய இடத்தில் பார்த்திருக்கிறேன், செய்யாதீர்கள். அந்தத் தண்ணீர் உள்ளே அளக்கும் அறைக்குப் போனால் செலவு பெரியது. குழாயை மாற்றுங்கள், தண்ணீரைப் பிடித்து வைக்கும் வாட்டர் டிராப்பைப் பாதி நிறையும்போதே மாற்றுங்கள். உறிஞ்சும் துளை, மூச்சுக் குழாயில் மாட்டிய ஃபில்டருக்கு மெஷின் பக்கமாக இருந்தால் ஈரமும் சளியும் பாதி குறையும். மயக்க வாயு ஓடும் தியேட்டரில் மானிட்டர் வெளியே விடும் காற்றையும் கழிவு வாயுக் குழாயில் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் அதை மூச்சாக இழுப்பது நாம்தான்.

சரி, இந்த ஊருக்கென்றே உள்ள விஷயம் உயரம். டர்பன் கடற்கரை, காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,750 மீட்டர், இங்கே சுமார் 83தான். கேலிப்ரேஷனுக்கு, அதாவது சென்சாரின் அளவைச் சரிபார்த்து வைக்க உதவும் வாயு உருளையில் கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதம் என்று எழுதியிருக்கும். டர்பனில் அது கிட்டத்தட்ட 5.1 கிலோபாஸ்கல், இங்கே அதே உருளை 4.2க்குக் கிட்டே. மானிட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்துக்கு வைத்தபடியே கிடந்து, அதோடு கேலிப்ரேஷனும் செய்துவிட்டால், அப்புறம் எல்லா அளவும் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகக் கூடிக் காட்டும். நிஜத்தில் 5.0 உள்ளவருக்கு 6.1 என்று திரையில் வரும், டாக்டர் மூச்சு எண்ணிக்கையைக் கூட்டுவார், நோயாளியின் கார்பன் டை ஆக்சைடு தேவையில்லாமல் விழும், மூளைக்கு ரத்த ஓட்டம் குறையும். தலையில் அடிபட்டவருக்கு இது விளையாட்டில்லை. கீழே இருந்து மேலே இடம் மாறி வந்த ஒரு மெஷினில் இதே மாதிரி நடந்ததை நான் பார்த்தேன், ரத்த வாயுப் பரிசோதனை முடிவோடு ஒத்துப் போகாததால்தான் வெளியே வந்தது. புதிய மானிட்டர்கள் பல அழுத்தத்தைத் தாங்களே அளந்துகொள்ளும், பழையவற்றில் நாம்தான் எண்ணைப் போட வேண்டும். டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் வரும் என்3 சாலையில் நோயாளியை ஏற்றிக்கொண்டு மேலே வரும் ஆம்புலன்ஸ்காரர்கள் இதைக் கட்டாயம் கேட்டு வையுங்கள். சில மானிட்டர்கள் ஆக்சிஜன், மயக்க வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு அளவையும் கேட்கும், அதையும் சும்மா விடக் கூடாது. நைட்ரஸ் ஆக்சைடு கணக்கில் வராவிட்டால் அளவு கூடும், அதிக ஆக்சிஜன் கணக்கில் வராவிட்டால் கொஞ்சம் குறையும்.

இந்தியாவில் மி.மீ. பாதரசத்தில் 35–45 என்று படித்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே கிலோபாஸ்கல், அதாவது 4.7 முதல் 6.0. வெளியூர் மெஷின் வந்தால் அலாரம் எல்லை எந்த அலகில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஜீரோ செய்யும்போது, அதாவது சென்சாருக்குப் பூஜ்யம் எது என்று காட்டும்போது, அடாப்டரில் யாருடைய மூச்சும் இருக்கக் கூடாது. நோயாளியிடமிருந்து கழற்றின கையோடு அமுக்கினால் மிச்ச வாயுவையே பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு அப்புறம் எல்லாவற்றையும் குறைத்துக் காட்டும். அதில் மூச்சுக் குறைவே மறைந்துபோகும். அரை நிமிடம் காற்றில் வைத்துவிட்டுச் செய்யுங்கள், குனிந்து அதன் மேல் மூச்சு விடாமல்.

எண்ணைப் பார்ப்பதற்கு முன் அலையைப் பாருங்கள், இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். டியூப் போட்டதும் அலையே வரவில்லை என்றால் அது உணவுக்குழாயில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள், வேறு என்று நிரூபிக்கும் வரை. இதயம் நின்றவருக்குக்கூட நெஞ்சை அமுக்கி மசாஜ் நடக்கும்போது சின்ன அலையாவது வரும். மூச்சுக்குழாய் சிக்கல்களைப் பற்றி பிரிட்டனில் 2011இல் வந்த நாப்4 ஆய்வு, ஐசியுவில் மூச்சுக்குழாய் சிக்கலால் நேர்ந்த மரணத்திலும் மூளைப் பாதிப்பிலும் 70 சதவீதத்துக்கும் மேல், இந்தச் சென்சார் இல்லாததோ அதைச் சரியாகப் பார்க்காததோ காரணமாக இருந்திருக்கலாம் என்று சொன்னது. அளவு திடீரென்று விழுந்தால் வென்டிலேட்டரை மட்டும் நோண்டாதீர்கள், ரத்த ஓட்டம் குறைந்தாலும் நுரையீரலில் ரத்தக் கட்டி போய் அடைத்தாலும் அதே மாதிரிதான் விழும். முதலில் நோயாளி, அப்புறம் குழாய் இணைப்பு, கடைசியில் மெஷின்.

டர்பனில் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து ஒரு ஆயாவை (வயதான அம்மா) எண்டோஸ்கோபிக்குக் கூட்டி வந்த மகள் என்னிடம் கேட்டார், "தம்பி, விரல்ல ஒண்ணு மாட்டியிருக்கே, மூக்குல இது எதுக்கு?" நான் சொன்னேன், "அக்கா, ஆக்சிஜன் கொடுத்துக்கிட்டு இருக்கும்போது ஆயா மூச்சு விடாம இருந்தாக்கூட விரல்ல இருக்கறது கொஞ்ச நேரம் நல்லாதான் காட்டும். இது அடுத்த மூச்சு வரலைன்னா உடனே சொல்லிடும்." உண்மை அதுதான். ஆனால் மூக்கில் மாட்டியதில் வரும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள், ஆக்சிஜன் கலந்தும் வாய் வழியே போயும் குறைந்து காட்டும். மூச்சு எண்ணிக்கைக்கும் அலையின் வடிவத்துக்கும் அது தங்கம்.

லோட் ஷெடிங் (மின்வெட்டு) மோசமாக இருந்த 2023இல் ஒன்று நன்றாகப் பழகினோம். ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் பேட்டரி செத்த மானிட்டர் அணைந்து திரும்ப எழும். மெயின்ஸ்ட்ரீம் சென்சார் சூடாகி முழுத் துல்லியத்துக்கு வர இரண்டு நிமிடம் வரை ஆகலாம். அந்த நேரம் கண்ணும் கையும் நோயாளியின் நெஞ்சில் இருக்க வேண்டும். மானிட்டர் பேட்டரியை மாதாமாதம் சோதிக்கச் சொல்லி நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

பச்சைக் குழந்தைக்கு அதற்கென்று உள்ள சின்ன அடாப்டர்தான். பெரியவர்களுடையதில் மூச்சு வீணாகத் தங்கும் உள்ளிடமே அந்தக் குட்டி மூச்சில் பெரிய பங்கைத் தின்றுவிடும், நிமிடத்துக்கு 200 மில்லி உறிஞ்சும் மெஷினும் அங்கே வேண்டாம்.

சுத்தம் செய்வது எளிது, சென்சாரை ஆல்கஹால் துணியால் துடைத்தால் போதும், தண்ணீரில் முக்கவோ ஆட்டோகிளேவில் வைக்கவோ கூடாது. வாங்கும்போது மெஷின் விலையைவிட சாம்பிள் குழாய், அடாப்டர், வாட்டர் டிராப் விலையைக் கேளுங்கள். அது கட்டுப்படியாகாத இடத்தில்தான் ஒருவருக்கு மட்டும் என்று எழுதிய குழாய் அடுத்தவர் மூக்குக்கும் போகிறது.